நினைவில் இருக்கும் வீட்டை வரைந்து கண்காட்சி வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய வீட்டை வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து, அதைப் பார்த்தே கான்வாஸில் ஏற்றுவது ஒன்று. எல்லாவற்றையும் பழுப்பாக்கி, ஓரங்களைத் துணியால் துடைத்துக் கலங்கலாக்கி, கீழே ‘நினைவுகள்’ என்று தலைப்பு வைப்பது இன்னொன்று. கண்காட்சிகளில் இரண்டாவதுதான் அதிகம் தென்படுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. தப்பான நினைவு மங்கலாக வருவதில்லை. கதவின் கொண்டி வரைக்கும் பளிச்சென்று வந்து நிற்கும். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம் போலிருக்கும். அப்புறம் நேரில் போய்ப் பார்த்தால் அந்தச் சுவரில் கதவே இருக்காது. வீட்டையும் நினைவின் நம்பகமின்மையையும் பற்றி ஓவியக் கண்காட்சி வைக்க நினைப்பவர் பிடிக்க வேண்டியது இந்தப் பளிச்சென்ற தப்பைத்தான்.

ஓரளவு வரையத் தெரிந்த, பத்துப் பன்னிரண்டு ஓவியங்களுடன் ஒரு சிறு கண்காட்சி வைக்க நினைக்கிற ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பொருட்களையும் பாணியையும் நீங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். வேலைகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். சில காரியங்களை முன்னால் செய்துவிட்டால் பின்னால் திருத்தவே முடியாது.

முதலில் ஒரு முன்மாதிரி

ஃபிராங்கோ மன்யானி 1934இல் இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில் பொன்தீத்தோ என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். இளைஞராக ஊரை விட்டவர், கடைசியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறினார். அங்கே ஒரு கடும் நோய்க்குப் பிறகு ஊர் அவர் கனவில் வர ஆரம்பித்தது. விழித்திருக்கும்போதும் கண்முன் நின்றது. முறையாக ஓவியம் படிக்காதவர், அதை வரையத் தொடங்கினார். பொன்தீத்தோவைத் தவிர வேறெதையும் பெரிதாக வரையவில்லை.

1988இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம் அந்த ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. அதற்காக ஒளிப்படக்காரர் சூசன் ஷ்வார்ட்ஸென்பெர்க் பொன்தீத்தோவுக்கே போய், ஓவியங்களில் உள்ள கோணங்களை முடிந்த அளவு தேடிப் பிடித்துப் படம் எடுத்துவந்தார். ஓவியமும் ஒளிப்படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டப்பட்டன. பல இடங்களில் கல்லுக்குக் கல் ஒத்துப்போனது. இன்னும் பல இடங்களில் சுவர்கள் வளர்ந்திருந்தன, பாதைகள் அகன்றிருந்தன, ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாத இரண்டு காட்சிகள் ஒரே ஓவியத்தில் சேர்ந்திருந்தன. ஓவியங்களில் மனிதர்களே இல்லை. காலமும் சிதிலமும் தொடாத ஊர் அது.

கலைக்கூடத்தில் வைத்திருந்தால் ‘நல்ல கிராமக் காட்சி’ என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பக்கத்தில் இருந்த ஒளிப்படம்தான் அதை நினைவைப் பற்றிய கண்காட்சியாக்கியது. நாம் செய்யப் போவதும் கிட்டத்தட்ட இதுதான், ஒரு வித்தியாசத்தோடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: ஆல்பத்தைப் பூட்டி வையுங்கள்

ஒரு கோடு போடுவதற்கு முன்னாலேயே ஆல்பத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய படங்கள் வந்தால் திறக்காதீர்கள். கூகுள் மேப்பில் தெருவைத் தேடாதீர்கள். ஊருக்கும் இப்போதைக்குப் போக வேண்டாம்.

காரணம் எளிது. ஒரு முறை ஒளிப்படத்தைப் பார்த்துவிட்டால், உங்கள் நினைவில் இருந்தது எது, படத்தில் பார்த்தது எது என்று பிரிக்க முடியாது. படம் வந்து உட்கார்ந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது என்பதே மறந்துபோகும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம், இந்தச் செய்தியை எங்கே, யார் மூலம், என்ன செய்துகொண்டிருக்கும்போது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள் கேட்கப்பட்டன. கால்வாசிப் பேரின் பதில் முக்கியமான எந்த விஷயத்திலும் முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் தங்கள் பதில் சரியென்பதில் பலருக்கு அசைக்க முடியாத உறுதி. அவர்கள் கையெழுத்தில் இருந்த பழைய தாளையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பி வரவில்லை.

மறுநாள் காலையில் எழுதி வாங்கிய அந்தத் தாள் இல்லையென்றால் அந்த ஆய்வே இல்லை. உங்கள் முதல் சுற்று ஓவியங்களும் அப்படிப்பட்ட தாள்கள்தான். ஒவ்வொன்றின் பின்பக்கமும் தேதியும் ‘படம் பார்க்காமல் வரைந்தது’ என்ற குறிப்பும் இருக்கட்டும்.

சரி, சின்ன வயதிலிருந்து நூறு முறை புரட்டிய ஆல்பம் ஏற்கெனவே மனத்துக்குள் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. கண்டுபிடிக்க மட்டும் முடியும். ஒரு நினைவை எடுத்துக்கொண்டு, அந்தக் காட்சிக்கு இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று எதுவுமே இல்லாமல் நின்றுபோனால் அது பெரும்பாலும் ஒளிப்படத்தின் விளிம்பு. இன்னொரு சோதனை: அந்தக் காட்சியில் நீங்களே தெரிகிறீர்களா? திண்ணையில் கால்சட்டையோடு உட்கார்ந்திருக்கும் உங்களை நீங்கள் வெளியே நின்று பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் கண் கண்டது அதுவாக இருக்க முடியாது. இந்த இரண்டு வகை நினைவுகளையும், அதாவது உள்ளிருந்து பார்ப்பதையும் வெளியிலிருந்து தன்னையே பார்ப்பதையும், ஜார்ஜியா நைக்ரோவும் நைசரும் 1983இல் பிரித்துக் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நினைவைத் தூக்கிப்போட வேண்டாம். தனியாகக் குறித்துவையுங்கள், அதிலிருந்து வித்தியாசமான ஓவியம் ஒன்று கிடைக்கும்.

படி 2: காட்சிக்கு முன்னால் தரைப்படம்

எல்லோரும் முகப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் தரைப்படத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஏ3 தாள், மைப் பேனா. பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும்.

வீட்டின் சதுரத்தை முதலில் போட்டுவிட்டு அறைகளைப் பிரிக்காதீர்கள். வாசலில் நின்று உள்ளே நடங்கள். திண்ணை, நிலைப்படி, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை, கிணற்றடி என்று கால் போகிற வரிசையில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு என்றால் படலையைத் தாண்டி, தலைவாசல், விறாந்தை, குசினி என்று அந்த வீட்டுக்கான வரிசை வரும். இப்படி நடந்து போட்டால் படம் மூடாது. மூன்று பக்கம் ஒழுங்காக வந்து நான்காவது பக்கத்தில் சுவரும் சுவரும் சேராமல் போகும். மாடிப்படி சமையலறைக்குள் போய் இறங்கும். மூட வைக்க முயற்சி செய்யாதீர்கள். எங்கே சேரவில்லையோ அங்கே ஏதோ ஓர் அறையை மறந்திருக்கிறீர்கள், அல்லது இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்.

தெரியாத இடத்தை வெள்ளையாக விடுங்கள். ‘இங்கே என்ன இருந்தது?’ என்று கேள்விக்குறிகூட வேண்டாம். பல வீடுகளில் அப்பாவின் அறையோ பெரியவர்கள் புழங்கிய காமிரா உள் என்ற தனியறையோதான் இப்படி வெள்ளையாக நிற்கும், குழந்தைகளை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

தரைப்படத்தை வெறும் ஆயத்த வேலை என்று நினைக்க வேண்டாம். அலிகாரில் பிறந்து பல நாடுகளில் வாழ்ந்த ஸரீனா ஹாஷ்மி தன் அப்பாவின் வீட்டைத் தரைப்படமாகவே அச்சிட்டார். 1999இல் வெளிவந்த ‘ஹோம் இஸ் எ ஃபாரின் பிளேஸ்’ என்ற தொகுப்பில் 36 மர அச்சுகளில் வீடு கோடுகளாகவும் உருதுச் சொற்களாகவும் சுருங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ இன்னும் நேரடியானது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. போரால் இடம்பெயர்ந்தவர்களிடம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை அவர்கள் கையாலேயே வரையச் சொல்லி, அதோடு கட்டடக் கலைஞர் ஒருவர் அளவுபடுத்திய படத்தையும், சொன்ன கதையையும், தன் பாஸ்டல் ஓவியத்தையும் சேர்த்துக் கோப்பு போல அமைத்தார். மொத்தம் 80 வீடுகள்.

அதைப் பார்த்தபின் ஒன்று எனக்கு உறைத்தது. நினைவு ஏமாற்றும் என்று பேசுவது, வீடு இன்னும் நின்றுகொண்டிருக்கிறவர்களுக்குச் சுலபம். குண்டு விழுந்து தரைமட்டமான வீட்டுக்கு அதில் வாழ்ந்தவருடைய கோணல் கோடு மட்டும்தான் பத்திரம். அப்படிப்பட்டவர்களின் நினைவோடு வேலை செய்கிறீர்கள் என்றால் அவர்களைச் சோதிக்கிற பாணியில் எதையும் காட்சிக்கு வைக்காதீர்கள். கீழே வரும் சரிபார்க்கும் படி உங்கள் சொந்த நினைவுக்கு மட்டும்.

படி 3: கூடப் பிறந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்

இது மிக முக்கியமான படி. பெரும்பாலும் சொதப்பப்படுகிற படியும் இதுதான். குழுவில் ‘நம்ம பழைய வீட்டுக் கொல்லைக் கதவு என்ன கலர்?’ என்று ஒரு செய்தி போடுவார்கள். முதலில் பதில் போடுகிறவர் பச்சை என்பார். அடுத்த நாலு பேருக்கும் பச்சையாகவே ஞாபகம் வந்துவிடும். அதன்பிறகு அவர்களிடமிருந்து சொந்த நிறத்தை வாங்கவே முடியாது.

கேட்கிற விதத்திலேயே பதிலைத் திணித்துவிடுகிறோம். 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் ‘இடித்துக்கொண்டபோது’ என்ன வேகம் என்றும், வேறு சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேள்வி. நொறுங்கியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இடித்தது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

அதனால் இப்படிக் கேளுங்கள்: “அக்கா, கொல்லைப்பக்கம் போறதைக் கொஞ்சம் சொல்லேன்.” அவ்வளவுதான். கதவு என்ற சொல்கூட உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். அவரே கதவுக்கு வந்து சேர்ந்தால், “ம், அப்புறம்?” என்று மட்டும் சொல்லுங்கள். பேசி முடித்ததும் தாளும் பேனாவும் கொடுத்துத் தரைப்படம் போடச் சொல்லுங்கள். “எனக்கு வரையத் தெரியாதுப்பா” என்பார்கள். கோடு போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய் டீ போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவார்கள். உங்கள் படத்தை மறந்தும் காட்டாதீர்கள்.

கேட்கும்போது வீட்டைத் தவிர வேறு விஷயங்களும் வந்து விழும். யார் எந்த அறையில் படுத்தார்கள், யார் எப்போது வீட்டை விட்டுப் போனார், பாகப்பிரிவினையில் எந்தச் சுவர் எழும்பியது. இவற்றில் எதைப் பொதுவில் வைக்கலாம் என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். வழக்கில் இருக்கும் வீடு என்றால் தரைப்படத்தைக் காட்சிக்கு வைப்பதற்கு முன் எல்லாத் தரப்பிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கலை வேறு, கோர்ட் வேறு என்று சித்தப்பா ஏற்றுக்கொள்ள மாட்டார்.

படி 4: கண்ணுக்கு ஒரு பயிற்சி

பார்த்து வரைந்தே பழகியவர்களுக்குப் பார்க்காமல் வரைவது முதலில் கை கட்டியதுபோல் இருக்கும். 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஆசிரியர் இதற்கென்றே ஒரு பாடமுறை வைத்திருந்தார். சிற்பி ரோடான் அவரிடம் படித்தவர். இன்னொரு மாணவர் அல்ஃபோன்ஸ் லெக்ரோ, லூவர் அருங்காட்சியகத்தில் ஹோல்பைன் வரைந்த எராஸ்மஸ் ஓவியத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து நினைவிலிருந்தே வரைந்தார். ஓவியர் விஸ்லர் தேம்ஸ் நதியின் இரவுக் காட்சியைச் சிறிது நேரம் பார்ப்பார், பிறகு நதிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு பார்த்ததை உடன் வந்தவரிடம் ஒப்பிப்பார். சரியாகச் சொல்லி முடித்தால் வீட்டுக்குப் போய் வரைவார்.

தினமும் இப்போது இருக்கும் வீட்டிலேயே ஓர் அறையைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் வரைந்து பாருங்கள். சரிபார்த்து மதிப்பெண் போட வேண்டாம். உங்கள் நினைவு எந்தப் பக்கமாகச் சாய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். சிலர் எல்லாவற்றையும் நேராக்குவார்கள், சிலருக்கு ஜன்னல்கள் பெருகும். எனக்குத் தெரிந்த பலருக்கும் மின்சார வயர், சுவிட்ச் போர்டு, குழாய் இவையெல்லாம் மறந்துபோகின்றன. பழைய வீட்டு ஓவியங்களில் வயரே இல்லாத சுவர்கள் இருப்பது இதனால்தான்.

படி 5: முதல் சுற்று ஓவியங்கள்

இப்போது வண்ணத்துக்கு வரலாம். ஊடகம் உங்கள் விருப்பம். என் பரிந்துரை முதல் சுற்றுக்கு அக்ரிலிக் அல்லது குவாஷ் என்ற அடர்த்தியான நீர்வண்ணம், 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளில். சீக்கிரம் காயும், அதிகம் மெருகேற்ற முடியாது, அன்றைக்கு நினைத்தது அன்றைக்கே நின்றுவிடும். எண்ணெய் வண்ணத்தை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண் மட்டத்தை முடிவு செய்யுங்கள். நினைவு ஐந்தாறு வயதினது என்றால் உங்கள் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருந்தது. குட்டையான முக்காலி ஒன்றில் உட்கார்ந்து ஓர் அறையைப் பாருங்கள், அந்த உயரம் கிடைக்கும். திண்ணையின் மேல்தளம் கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கதவின் தாழ்ப்பாள் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடத்தில் இருக்கும். மேஜையின் மேல் இருப்பவை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தெரியும், கொஞ்சம் குனிந்தால் அதன் அடிப்பலகையும் அதில் சாக்கட்டியில் எழுதிய ஏதோ எண்ணும் தெரியும். பலர் வீட்டுக் காட்சியைப் பெரியவர் நின்று பார்க்கிற உயரத்திலிருந்து வரைந்துவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று குழம்புகிறார்கள்.

இரண்டாவது, சட்டம். ஹெலீன் இன்ட்ராபும் மைக்கேல் ரிச்சர்ட்சனும் 1989இல் சிலருக்கு ஒளிப்படங்களைக் காட்டிவிட்டு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, படத்தின் விளிம்புக்கு வெளியே இருந்திருக்கக்கூடியவற்றையும் சேர்த்தே வரைந்தார்கள். பார்க்காத இடத்தைப் பார்த்ததாக மூளை நிரப்பிக்கொண்டது. சில வகைக் காட்சிகளில் இதற்கு நேர்மாறாகச் சுருங்குவதும் நடக்கிறது என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. நமக்கு இதில் ஒரு பயன் உண்டு. தாளின் நடுவில் காட்சியைத் தொடங்கி வெளிப்பக்கமாக வளர விடுங்கள், முன்கூட்டியே சட்டம் போடாதீர்கள். நினைவு தானாக நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். தாளின் மீதி வெள்ளையாக இருக்கட்டும்.

மூன்றாவது, நிறம். சிவப்புத் தரையை எடுத்துக்கொள்வோம். ரெட் ஆக்சைடு போட்டுத் தேய்த்த தரை என்றதும் ட்யூபிலிருந்து நேராகச் சிவப்பைப் பிதுக்கிப் பூசிவிடுகிறார்கள். அந்தத் தரை அப்படி இருக்காது. நாள்தோறும் நடந்தும் துடைத்தும் மழமழத்த தரை முற்றத்து வானத்தை வாங்கித் திருப்பும். முற்றத்துக்குப் பக்கத்தில் அது கிட்டத்தட்டச் சாம்பல் நீலம், இரண்டடி உள்ளே வந்தால் ஈரல் நிறம், மூலையில்தான் உண்மையான காவி. இந்தியன் ரெட்டில் அல்ட்ராமரின் கொஞ்சம் சேர்த்து அடித்தளம் போட்டு, வெளிச்சம் விழும் பட்டைக்கு வெள்ளையும் நீலமும் கலந்து மெல்லியதாக இழுத்துப் பாருங்கள். தூண் நிற்கிற இடத்தில் தரையில் அதன் தலைகீழ் நிழல் தெரியும். காலடி அதிகம் படாத சுவரோரம் மட்டும் மங்கலாக, பளபளப்பில்லாமல் ஒரு கோடு ஓடும். இவ்வளவும் உங்களுக்கு நினைவிருந்தால் போடுங்கள். நினைவில் இருப்பது வெறும் தட்டையான சிவப்புதான் என்றால் தட்டையான சிவப்பையே போடுங்கள். ஓவியக் கல்லூரியில் கற்றதை நினைவின் வாயில் திணிப்பதும் ஒரு வகையில் சாட்சியைக் கலைப்பதுதான்.

வெள்ளை விட வேண்டிய இடங்களைப் பற்றி இன்னொன்று. துடைத்து மங்கலாக்காதீர்கள் என்று முன்னாலேயே சொன்னேன். தெரிவதை முழுத் தெளிவோடு வரையுங்கள். தெரியாததை வரையாமலே விடுங்கள். நடுவில் இருக்கும் புகைமூட்டம் பெரும்பாலும் ஓவியரின் சமாளிப்பு.

பிரெஞ்சு ஓவியர் பியர் பொனார் இந்த விஷயத்தில் நல்ல துணை. பிரான்சின் தெற்கே லெ கானே என்ற ஊரில் இருந்த தன் வீட்டை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார், ஆனால் காட்சிக்கு எதிரில் ஈசல் போட்டு உட்கார்ந்து வரையவில்லை. சின்ன நாட்குறிப்பில் பென்சிலால் சில கோடுகள், அன்றைய வானிலை, அவ்வளவுதான். மீதியை அறைக்குள் வந்து, சுவரில் ஆணியடித்த கான்வாஸில் நினைவிலிருந்து போட்டார். அவருடைய மனைவி மார்த்தாவுக்கு வயதாகிக்கொண்டே போனது. ஓவியத்தில் குளியல் தொட்டியில் கிடக்கும் மார்த்தாவுக்கு வயதாகவே இல்லை. 1942இல் மார்த்தா இறந்த பிறகும் அந்த வரிசை நிற்கவில்லை. ஓடுகளின் மஞ்சளிலும் ஊதாவிலும் எங்கேயாவது மங்கல் உண்டா என்று பாருங்கள்.

படி 6: இப்போது போய்ப் பாருங்கள்

முதல் சுற்று முடிந்து, எல்லாவற்றிலும் தேதி போட்டு, எடுத்து வைத்த பிறகு ஆல்பத்தைத் திறக்கலாம். வீடு இருந்தால் அளவு நாடாவோடு போங்கள். இப்போது குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் முகமோ பொருளோ படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு இல்லையென்றால் பழைய கிரயப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். இதை யாரும் நினைப்பதில்லை. சொத்து விவரப் பகுதியில் செக்குபந்தி இருக்கும்: கிழக்கே இன்னாருடைய மனை, மேற்கே சந்து, வடக்கே தெரு என்று நான்கு எல்லையும், கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று அளவும். சில பத்திரங்களில் ஓட்டு வீடு, கிணறு, தென்னை மரம் வரைக்கும் எழுதியிருப்பார்கள். அந்த அடிக்கணக்கை எடுத்துவந்து நீங்கள் போட்ட தரைப்படத்தோடு வைத்துப் பாருங்கள். கிரிக்கெட் ஆடிய கொல்லை பத்தடிக்குப் பன்னிரண்டடியாகக் குறைந்துபோயிருக்கும்.

பார்த்ததும் கை துறுதுறுக்கும். முதல் சுற்று ஓவியத்தில் ஒரு தூரிகைத் தீற்றல்கூடத் திருத்தக் கூடாது. திருத்த வேண்டியதை டிரேசிங் பேப்பரில் மேலே போடுங்கள், அல்லது அதே அளவில் இரண்டாவது ஓவியம் ஒன்று வரையுங்கள், அதுதான் இரண்டாம் சுற்று. வித்தியாசங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: எது பெரிதானது, எது இடம் மாறியது, எது வேறு வீட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இந்த மூன்றாவது வகைதான் எனக்கு எப்போதும் சுவாரசியம். தாத்தா வீட்டு ஊஞ்சல் சொந்த வீட்டுக் கூடத்தில் வந்து தொங்கும்.

படி 7: எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது

பத்து ஓவியங்களும் நோட்டும் கையில் இருக்கின்றன. கண்காட்சி என்பது இவற்றை எப்படி அடுக்குகிறோம் என்பதுதான்.

எக்ஸ்ப்ளோரடோரியம் செய்ததுபோல ஓவியத்துக்குப் பக்கத்திலேயே ஒளிப்படத்தை வைக்கலாம். அதில் ஒரு சிக்கல். பார்வையாளர் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்குப் போய்விடுவார். ஒளிப்படம் நீதிபதி, ஓவியம் குற்றவாளி என்று ஆகிவிடும். நான் முன்னால் சொன்ன வித்தியாசம் இங்கேதான் வருகிறது. ஓவியங்களை முதல் அறையில் வையுங்கள். ஒளிப்படங்களையும் அளவுகளையும் கடைசி அறையில், அல்லது ஒரே அறை என்றால் திரும்பி நடந்தால்தான் தெரிகிற எதிர்ச்சுவரில். ஒளிப்படத்துக்கு வந்து சேர்ந்த பார்வையாளருக்கு, ஓவியத்தில் ஜன்னல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சந்தேகம் வரும். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் பார்த்ததே உறுதியாகத் தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பார்ப்பார். அந்த நடைக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

அக்கா, அண்ணன், அத்தை போட்ட தரைப்படங்களை ஒரே வரிசையில், ஒரே அளவுச் சட்டத்தில் மாட்டுங்கள். யாருடையது சரி என்று எங்கேயும் சொல்லாதீர்கள். பெயருக்குப் பதில் ‘மூத்த மகள்’, ‘கடைசிப் பையன்’ என்று உறவு போட்டாலே போதும், எந்த வயதில் எந்த உயரத்திலிருந்து பார்த்தார் என்பது அதில் வந்துவிடும். கேலரித் தரை போதுமான அளவு இருந்து, கேலரிக்காரர்கள் சம்மதித்தால், உங்கள் தப்பான தரைப்படத்தை முழு அளவில் டேப்பால் ஒட்டலாம். சுலபமாக உரிந்துவரும் டேப் மட்டும். முதலில் ஒரு மூலையில் ஒட்டி உரித்துப் பாருங்கள்.

பெயர்ப்பலகையில் தத்துவம் வேண்டாம். ‘முற்றம். அக்ரிலிக், தாள். நினைவிலிருந்து, ஒளிப்படம் பார்ப்பதற்கு முன்.’ தேதி. முடிந்தது.

படி 8: இடமும் சுவரும்

சென்னையில் என்றால் கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மண்டல மையம், 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் காட்சிக்கூடம் போன்றவற்றில் வாடகை, காத்திருப்பு விவரங்களை வெகு முன்னதாகவே விசாரித்துவிடுங்கள். காட்சிக்கூடம் கிடைக்காவிட்டால் காலியாக இருக்கும் ஒரு பழைய வீடே இந்தக் கருப்பொருளுக்குப் பொருந்தும், ஆனால் சுண்ணாம்புச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சுவரில் மாட்டிய தாள் ஓவியம் ஒரு வாரத்தில் அலையலையாக நெளிந்துவிடும். சட்டத்துக்குப் பின்னால் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் பொத்தான் ஒட்டினால் காற்று போய்வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்காட்சி வைப்பதைத் தவிர்க்கலாம், கான்வாஸ்கூடத் தொய்ந்துபோகும்.

மாட்டும் உயரத்துக்குப் பொதுக்கணக்கு, ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர். இந்தக் கண்காட்சியில் அதை ஓரிரு ஓவியங்களுக்கு வேண்டுமென்றே மீறலாம். குழந்தையின் கண் மட்டத்தில் வரைந்ததை ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டினால் பெரியவர்கள் குனிய வேண்டும், குழந்தைகள் நேராகப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் அப்படி மாட்டினால் முதுகுவலிதான் மிஞ்சும். விளக்கு மேலிருந்து சாய்வாக, செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரியில் விழட்டும். கண்ணாடிச் சட்டம் என்றால் எதிரில் ஜன்னல் இல்லாத சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

எடுத்துப் போகும்போது பபிள் ராப்பை வண்ணத்தின் மேல் நேரடியாகச் சுற்றாதீர்கள், குமிழ்கள் அச்சாக விழும். நடுவில் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள் வையுங்கள். எண்ணெய் வண்ணத்தில் இரண்டாம் சுற்று வரைந்திருந்தால் வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள்.

திறப்பு நாளில்

சொந்தக்காரர்கள் வருவார்கள். தரைப்படங்களுக்கு முன்னால் நின்று கிணறு எந்தப் பக்கம் என்று சண்டை போடுவார்கள். குறுக்கே போகாதீர்கள், நீங்கள் தீர்ப்பு சொன்னால் அன்றோடு அவர்களுடைய வீடு உங்களுடைய வீடாகிவிடும். ஒரு மேஜையில் தடித்த நோட்டும் பேனாக்களும் வையுங்கள். வந்தவர்கள் தங்கள் வீட்டின் தரைப்படத்தையும் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த நோட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்காதீர்கள்.

ஓவியம் விற்றால், கொடுப்பதற்கு முன் முன்பக்கத்தையும் தேதியுள்ள பின்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் கொண்டுபோய்ப் பின்னால் பலகை அடித்துச் சட்டம் போட்டால் அந்தத் தேதியை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. ஜோடி ஓவியங்களில் ஒன்றை மட்டும் கேட்பவர்கள் நிறைய வருவார்கள், அதுவும் முதல் சுற்று ஓவியத்தைத்தான் கேட்பார்கள். தரலாமா வேண்டாமா என்பதைத் திறப்பு நாளுக்கு முன்பே முடிவு செய்து விலைப்பட்டியலில் எழுதிவிடுங்கள். ‘எல்லாம் அழகா இருக்கு, அந்தத் தூணை மட்டும் கொஞ்சம் நேராக்கித் தர முடியுமா?’ என்று கேட்கிறவரும் கட்டாயம் ஒருவர் வருவார். அவருக்கு இரண்டாம் சுற்றிலிருந்து ஒன்றைக் காட்டுங்கள்.